பூட்டிய பள்ளிக்கூடம்: அமெரிக்க அரசுப் பள்ளிகள் அன்றும் இன்றும்

பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து அமெரிக்கா வரும் தாத்தா பாட்டிகளுக்கு இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் முன்கூட்டியே சொல்லிவைக்கும் விஷயம் ஒன்று உண்டு. பேத்தியின் பள்ளிக்கூடத்துக்குப் போவதானால் பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பேரனுக்குச் சாப்பாட்டுக் கூடை கொண்டுபோய் வகுப்பு வாசலில் நின்று கூப்பிட்டுப் பழகியவர்களுக்கு இது விளங்காது. போய்ப் பார்த்தால்தான் புரியும்.

வாசல் கதவு பூட்டியிருக்கும். பக்கத்துச் சுவரில் ஒரு பொத்தான், அதற்கு மேலே சின்னதாக ஒரு கேமரா. பொத்தானை அழுத்தினால் உள்ளேயிருந்து ஒரு குரல் பெயரையும் வந்த காரியத்தையும் கேட்கும். அடையாள அட்டையைக் கேமராவுக்கு நேரே காட்டச் சொல்லும். பிறகு 'டக்' என்று பூட்டு விடுபடும். உள்ளே போனால் நாலு பேர் நிற்கிற அளவுக்கு ஒரு முன்னறை. எதிரே இன்னொரு கதவு, அதுவும் பூட்டித்தான் இருக்கும். பக்கவாட்டில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பள்ளி அலுவலகச் செக்ரட்டரி. லைசென்ஸையோ பாஸ்போர்ட்டையோ வாங்கி ஸ்கேனரில் வைப்பார். புகைப்படம், பெயர், தேதி, போகும் இடம் எல்லாம் அச்சாகி ஒரு ஸ்டிக்கர் வெளியே வரும். அதைச் சட்டையில் ஒட்டிக்கொண்ட பிறகுதான் இரண்டாவது கதவு திறக்கும்.

இது பணக்காரர்களின் தனியார் பள்ளி ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். ஊர்மக்கள் கட்டும் வரியில் நடக்கிற, கட்டணமில்லாத சாதாரண அரசுப் பள்ளிகள் பலவற்றில் இன்று இதுதான் நடைமுறை. தேசியக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் கணக்குப்படி, 1999-2000 கல்வியாண்டில் கேமரா வைத்திருந்த அரசுப் பள்ளிகள் 19 சதவீதம். 2019-20இல் 91 சதவீதம். பள்ளி நேரத்தில் கதவுகளைப் பூட்டியோ ஆள் வைத்துக் கவனித்தோ நுழைவைக் கட்டுப்படுத்துவதாகச் சொன்ன பள்ளிகள் 75 சதவீதத்திலிருந்து 97 சதவீதமாயின. இருபதே ஆண்டுகளில் நடந்த மாற்றம் இது. இந்த மாற்றம் எதனால் வந்தது, எந்தப் பாதையில் வந்தது, எங்கே இன்னும் ஓட்டை இருக்கிறது என்பதை இங்கே பிள்ளை வளர்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று பள்ளி கட்டியவர்களை அசட்டையானவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. நல்ல மனதோடும் நிறைய யோசனையோடும் கட்டினார்கள். சிகாகோவுக்கு வடக்கே வின்னெட்கா என்ற ஊரில் 1940இல் திறந்த க்ரோ ஐலண்ட் பள்ளியை இன்றும் கட்டடக் கலை மாணவர்கள் படிக்கிறார்கள். எலியல் சாரினென், அவருடைய மகன் ஈரோ சாரினென் ஆகியோர் உள்ளூர்க் கட்டடக் கலைஞர்களோடு சேர்ந்து வடிவமைத்தது. ஒவ்வொரு வகுப்பறைக்கும் தனியாக ஒரு முற்றம், முற்றத்துக்குப் போகத் தனிக் கதவு, இரண்டு பக்கமும் ஜன்னல். வெளிச்சமும் காற்றும் மரமும் புல்லும் பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். போர் முடிந்து பிறப்பு எண்ணிக்கை பெருகியபோது நாடெங்கும் ஆயிரக்கணக்கில் பள்ளிகள் எழுந்தன. பல அந்த வழியில்தான் எழுந்தன: ஒரே தளம், நீள நீளமான கட்டடங்கள், ஏராளமான கண்ணாடி, எந்தப் பக்கமிருந்தும் நுழையக்கூடிய கதவுகள். கலிபோர்னியா போன்ற வெயில் மாநிலங்களில் நடைகூடத்தையே திறந்தவெளியில் வைத்தார்கள். வகுப்பறைக் கதவைத் திறந்தால் நேரே மைதானம்.

அந்தத் தலைமுறைக்கும் பயம் இருந்தது. அவர்கள் பயந்தது தீக்கு. 1958 டிசம்பர் 1 அன்று சிகாகோவில் 'அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்' என்ற கத்தோலிக்கப் பள்ளியில் தீப்பிடித்தது. அடித்தளத்தில் தொடங்கிய தீ, தடுப்புக் கதவு இல்லாத படிக்கட்டு வழியாக மேலேறி இரண்டாம் தளத்து நடைகூடத்தைப் புகையால் அடைத்துவிட்டது. 92 பிள்ளைகளும் 3 கன்னியாஸ்திரீகளும் இறந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரை எரிந்து, குறுகிய படிக்கட்டில் இறங்க வழியில்லாமல் 94 பிள்ளைகள் மாண்டதைப் பார்த்த நமக்கு அந்த நாளின் கொடுமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. சிகாகோவுக்குப் பிறகு அமெரிக்காவின் தீயணைப்பு விதிகள் எல்லாப் பள்ளிகளுக்கும் கடுமையாயின. வெளியேறும் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளிருப்பவர் சாவி தேட வேண்டிய நிலை வரவே கூடாது. சங்கிலி போடக் கூடாது. அடிக்கடி தீ ஒத்திகை நடத்த வேண்டும்.

பிள்ளைகள் எவ்வளவு சீக்கிரம் வெளியே வர முடியும் என்பதே அந்தக் காலத்தில் கதவு செய்தவர்களின் கேள்வி. அந்நியர் உள்ளே வர எவ்வளவு நேரமாகும் என்பது இந்தக் காலத்துக் கேள்வி. முதல் கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவதற்கு மட்டும் பதில் தேடும் எந்த ஏற்பாட்டையும் நான் நம்ப மாட்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

திறந்த பள்ளியின் காலம் ஒரே நாளில் முடியவில்லை. 1989 ஜனவரி 17இல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில், இடைவேளையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை, சிறுவயதில் அதே பள்ளியில் படித்த ஒருவன் வெளியிலிருந்து வந்து சுட்டான். இறந்த ஐந்து பேரும் கம்போடிய, வியட்நாமிய அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள். போருக்குத் தப்பி வந்த குடும்பங்கள் அவை. பத்து ஆண்டு கழித்து, 1999 ஏப்ரல் 20இல், கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் அங்கே படித்த இருவரே 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்றார்கள். நாடு அதிர்ந்தது. கேமராக்களும் அடையாள அட்டைகளும் பள்ளிக் காவலர்களும் பெருகத் தொடங்கியது அதன் பிறகுதான். கொலம்பைனில் சுட்டவர்கள் வெளியாட்கள் அல்லர் என்பதை அந்த அவசரத்தில் பலர் நினைத்துப் பார்க்கவில்லை.

சாண்டி ஹூக் பள்ளியில் 2012இல் நடந்த படுகொலை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுன் ஊரில் 1956இல் கட்டப்பட்ட தொடக்கப் பள்ளி அது. அந்தப் பள்ளி அலட்சியமாக இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. 2012-13 கல்வியாண்டுத் தொடக்கத்தில் பிரின்ஸிபால் பெற்றோருக்குக் கடிதம் எழுதியிருந்தார்: காலை 9:30 மணிக்கு மேல் கதவுகள் பூட்டியிருக்கும், மணியடித்தால் கேமராவில் பார்த்துத் திறப்போம், அலுவலகத்தில் கையெழுத்திட வேண்டும். டிசம்பர் 14 காலையும் கதவு பூட்டித்தான் இருந்தது. வந்தவன் மணியடிக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய கண்ணாடியைச் சுட்டு உடைத்து, அந்த வழியாக உள்ளே நுழைந்தான். பூட்டு உறுதியானது, அதற்கு அடுத்திருந்த சுவர் கண்ணாடி. சத்தம் கேட்டு நடைகூடத்துக்கு ஓடிவந்த பிரின்ஸிபாலும் பள்ளி உளவியலாளரும் அங்கேயே கொல்லப்பட்டார்கள்.

அதைவிட மனதை உறுத்துவது உள்ளே இருந்த கதவுகள். அந்தப் பள்ளியின் வகுப்பறைக் கதவுகளை நடைகூடத்துப் பக்கமிருந்து சாவி போட்டுத்தான் பூட்ட முடியும். நடைகூடத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. ஆசிரியை சாவியை எடுத்துக்கொண்டு அதே நடைகூடத்துக்கு வந்து நின்று பூட்ட வேண்டும். எப்படி முடியும்? பூட்டப்படாத இரண்டு வகுப்பறைகளில்தான் 20 பிள்ளைகள் பலியானார்கள். பள்ளியில் இறந்த பெரியவர்கள் 6 பேர்.

கனெக்டிகட் அரசு அமைத்த சாண்டி ஹூக் ஆலோசனைக் குழு 2015 மார்ச்சில் அறிக்கை தந்தது. பலநூறு பக்க அறிக்கையில் முன்னுரிமை பெற்ற பரிந்துரை ஒரு சாதாரணப் பூட்டு: எல்லா வகுப்பறைக் கதவுகளும் உள்ளிருந்தே பூட்டும்படி இருக்க வேண்டும். தங்கள் முன் வந்த சாட்சியங்களில், பூட்டிய வகுப்பறைக் கதவை உடைத்துக்கொண்டு ஒரு கொலையாளி உள்ளே போன நிகழ்ச்சி ஒன்றுகூட இல்லை என்று அந்தக் குழு எழுதியது. கொலையாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. பூட்டிய கதவோடு மல்லுக்கட்டாமல் அவன் அடுத்த கதவுக்குப் போய்விடுகிறான். ஆயிரம் கேமராக்கள் தராத பாதுகாப்பை அந்தச் சில நூறு டாலர் பூட்டு தருகிறது. இதை வாசித்தபோது ஏற்பட்ட ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை. இவ்வளவு எளிய விஷயம் இவ்வளவு உயிர்கள் போன பிறகுதானா புரிய வேண்டும்?

பழைய சாண்டி ஹூக் கட்டடத்தை இடித்துவிட்டு, சுமார் 5 கோடி டாலர் மாநில நிதியில் அதே நிலத்தில் புதிய பள்ளி கட்டி 2016இல் திறந்தார்கள். அந்தக் கட்டடத்தைப் பார்ப்பவர்களுக்குக் கோட்டை போலத் தோன்றாது. முன்பக்கம் மழைநீர் ஓடும் தோட்டம். அதன் மேல் சிறு பாலங்கள். பாலத்தைக் கடந்துதான் கதவுக்கு வர முடியும். பிள்ளைகளுக்கு அது செடியும் தண்ணீரும்; பாதுகாப்புக்கு அது ஓர் அகழி. தரைத்தளத்தை உயர்த்தியதால் வெளியில் நிற்பவருக்கு ஜன்னல் வழியே வகுப்பறைக்குள் சரியாகத் தெரியாது. வரும் ஆட்களை அலுவலகத்திலிருந்து வெகு தூரத்திலேயே பார்த்துவிடலாம். கண்ணாடிகள் அடியைத் தாங்குபவை. க்ரோ ஐலண்ட் கட்டியவர்கள் விரும்பிய வெளிச்சத்தையும் மரத்தையும் விட்டுக்கொடுக்காமல் பாதுகாப்பையும் கொண்டுவர முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இது.

இனி அந்த ஸ்டிக்கர் விஷயம். பல ஊர்களில் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும்தான் முன்பு இருந்தன. பெயர், நேரம், கையெழுத்து. எழுதாமல் போனாலும் கேட்பாரில்லை. ராப்டர் போன்ற நிறுவனங்களின் கணினி முறைகள் 2000களில் பரவத் தொடங்கின. லைசென்ஸை வைத்ததும் அந்த முறை செய்யும் முதல் வேலை, பாலியல் குற்றவாளிகளின் பதிவேடுகளில் அந்தப் பெயரும் பிறந்த தேதியும் இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது வேலை, பிள்ளையை அழைத்துப்போகக் கூடாதவர்கள் என்று பள்ளியே வைத்திருக்கும் தனிப் பட்டியலைப் பார்ப்பது. துப்பாக்கிக்காரன் வரும் நாள் பெரும்பாலான பள்ளிகளின் வாழ்நாளில் வராது. மணமுறிவுக்குப் பின் நீதிமன்ற உத்தரவை மீறிப் பிள்ளையை அழைத்துப்போக வரும் தந்தையோ தாயோ வருகிற நாள் நிச்சயம் வரும். செக்ரட்டரிகள் அன்றாடம் கவலைப்படுவது அதற்குத்தான்.

எல்லாரும் இதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. டெக்சஸில் ஆஸ்டினை அடுத்த லேக் டிராவிஸ் பள்ளி மாவட்டத்தில் ஒரு பெற்றோர் லைசென்ஸை ஸ்கேன் செய்ய மறுத்து நீதிமன்றம் போனார்கள். பிள்ளையின் பள்ளிக்குப் போகப் பெற்றோரின் விவரங்களை ஏன் பதிவு செய்ய வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் பள்ளியின் பக்கமே தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமானது. வாங்கும் விவரம் எங்கே போகிறது, எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம் என்பதைப் பள்ளி எழுத்தில் சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்வி இப்போது கூர்மையாகியிருக்கிறது. சட்டப்படியான குடிவரவு ஆவணம் இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளியில் படிக்கும் உரிமை உண்டு என்று 1982இல் பிளைலர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படிப்பட்ட பெற்றோரில் பலரிடம் லைசென்ஸ் இருக்காது. ஸ்கேனரைக் கண்டாலே ஆசிரியர்-பெற்றோர் சந்திப்புக்கு வராமல் நின்றுவிடுவார்கள். பள்ளிகளுக்குள் குடிவரவு அதிகாரிகள் போவதைக் கட்டுப்படுத்திய மத்திய அரசின் பழைய நெறிமுறை 2025 ஜனவரியில் விலக்கப்பட்ட பிறகு, பல பள்ளி மாவட்டங்கள் தங்கள் செக்ரட்டரிகளுக்குப் புதிய பயிற்சி கொடுத்தன: அதிகாரி வந்தாலும் முன்னறையிலேயே நிறுத்து, நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் இருக்கிறதா என்று கேள், மேலிடத்துக்குப் போன் செய். கொலையாளியைத் தடுக்கக் கட்டிய அதே முன்னறை இன்று இந்த வேலையையும் செய்கிறது. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்மணியின் தோளில் எவ்வளவு பாரம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். போன் அடிக்கும், காய்ச்சல் வந்த பிள்ளை அழுதுகொண்டு நிற்கும், மதியச் சாப்பாட்டைக் கொடுக்க ஒரு தந்தை அவசரப்படுவார். அதற்கு நடுவே கேமராவைப் பார்த்துக் கதவைத் திறப்பதா வேண்டாமா என்று நாளெல்லாம் முடிவெடுப்பவர் அவர்தான். அவரைச் சிடுசிடுப்பவர் என்று நம்மவர்கள் குறை சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

வாசலில் எத்தனை ஏற்பாடு செய்தாலும் பின்பக்கக் கேட் திறந்திருந்தால் பயனில்லை. 2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லண்டில் நடந்தது அதுதான். பள்ளி விடுவதற்கு முன்னாலேயே, கார்களும் பஸ்களும் வசதியாக வந்துபோகக் கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆள் யாரும் நிற்கவில்லை. முன்னாள் மாணவன் ஒருவன் வாடகைக் காரில் வந்து இறங்கி அந்த வழியாக நடந்து போனான். அவனை அடையாளம் கண்ட ஊழியர் உடனே அபாய அறிவிப்புக் கொடுக்கவில்லை. 17 பேர் இறந்தார்கள். மாநில விசாரணை ஆணையம் கண்டறிந்த விவரம் ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது: அவன் எந்த வகுப்பறைக்குள்ளும் நுழையவில்லை. நடைகூடத்திலும் கதவிலிருந்த கண்ணாடி வழியாகவும் கண்ணில் பட்டவர்களைத்தான் சுட்டான். கண்ணாடியிலிருந்து தெரியாத மூலையில் ஒதுங்க இடம் கிடைத்தவர்கள் தப்பினார்கள். பல வகுப்புகளில் அந்த மூலையில் மேசையும் அலமாரியும் நிரம்பியிருந்தன. மாணவர்கள் இருக்கும் நேரத்தில் கேட் பூட்டியிருக்க வேண்டும் அல்லது ஆள் நிற்க வேண்டும் என்பதை ஃபுளோரிடா 2024இல் சட்டமாகவே எழுதியது.

பிறகு உவால்டி. டெக்சஸின் சிறு நகரம். 2022 மே 24 அன்று ராப் தொடக்கப் பள்ளியில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். காவலர்கள் 77 நிமிடம் வகுப்பறைக்கு வெளியே காத்திருந்தது உலகுக்கே தெரியும். டெக்சஸ் சட்டசபைக் குழு அந்த ஜூலையில் வெளியிட்ட அறிக்கையை வாசித்தால், அந்த 77 நிமிடத்துக்கு முந்திய பல மாதங்களும் கண்முன் வரும். வேலி ஐந்தடி உயரம், ஏறிக் குதித்துவிட்டான். மேற்குக் கட்டடத்தின் வெளிக்கதவை ஓர் ஆசிரியை இழுத்து மூடினார்; பூட்டு விழவில்லை. 111ஆம் எண் வகுப்பறைக் கதவை ஓங்கிச் சாத்தினால்தான் பூட்டும் என்பது பள்ளியில் பலருக்குத் தெரியும். பழுதுபார்க்கச் சொல்லி எழுத்தில் யாரும் கொடுக்கவில்லை. சாவிகள் போதவில்லை. மாற்று ஆசிரியர் வரும் நாளில் பூட்டு விழாதபடி கதவில் காந்தத்தையோ ஆப்பையோ வைக்கும் வழக்கம் இருந்தது. கல்லை முட்டுக்கொடுத்துக் கதவைத் திறந்து வைப்பதும் உண்டு. எல்லைக் காவலர்கள் கார்களைத் துரத்தும் போதெல்லாம் அந்த வட்டாரப் பள்ளிகளுக்கு அபாய அறிவிப்பு வரும். சில மாதங்களில் சுமார் ஐம்பது முறை வந்ததால், அன்றைய அறிவிப்பையும் பலர் அந்த வரிசையில் ஒன்றாகவே எண்ணினார்கள்.

இதில் எதுவுமே பணமில்லாமல் நடந்ததல்ல. வேலி இருந்தது, பூட்டு இருந்தது, விதி இருந்தது, அறிவிப்பு முறையும் இருந்தது. ஒரு சாவி குறைந்தது. பூட்டைச் சரிசெய்யச் சொல்லி எழுத ஆளில்லை. அன்றைய பள்ளிக்கும் இன்றைய பள்ளிக்கும் நடுவில் எவ்வளவு கருவி வந்திருந்தாலும், கதவு தினமும் பூட்டுகிறதா என்று கையால் இழுத்துப் பார்க்கும் ஒருவர் இல்லாவிட்டால் பழைய திறந்த பள்ளியும் புதிய பூட்டிய பள்ளியும் ஒன்றுதான். டெக்சஸ் அதற்குப் பிறகு செய்தவற்றில் நான் மதிப்பது இதைத்தான்: வாரம் ஒரு முறை எல்லா வெளிக்கதவுகளையும் சோதிக்க வேண்டும் என்று விதி வைத்தது. ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுதம் தாங்கிய காவலர் வேண்டும் என்று 2023இல் இயற்றிய சட்டத்தைவிட இந்த வாரச் சோதனைதான் பெரிய விஷயம் என்பது என் கருத்து.

பணம் வந்தபிறகு கடைக்காரர்களும் வந்தார்கள். மத்திய அரசு 2018இல் ஒரு சட்டத்தின் வழியாகவும் 2022இல் இன்னொரு சட்டத்தின் வழியாகவும் பள்ளிப் பாதுகாப்புக்கு நிதி ஒதுக்கியது. கதவுக்குக் குறுக்கே போடும் இரும்புத் தடுப்பு, கைப்பிடியில் மாட்டும் பட்டை என்று விதவிதமாக விற்கிறார்கள். கவலைப்படும் பெற்றோர் பணம் திரட்டி வாங்கியும் கொடுக்கிறார்கள். தீயணைப்புத் துறையினர் இவற்றைப் பல இடங்களில் எதிர்க்கிறார்கள், எதிர்ப்பது சரியே. ஒரு நல்ல வகுப்பறைப் பூட்டு மூன்று வேலை செய்ய வேண்டும். ஆசிரியர் உள்ளேயிருந்து நொடியில் பூட்ட வேண்டும். உள்ளேயிருக்கும் ஆறு வயதுப் பிள்ளையும் கைப்பிடியை ஒருமுறை திருகினால் கதவு திறந்து வெளியே ஓட வேண்டும். வெளியிலிருந்து ஊழியரோ தீயணைப்பு வீரரோ சாவி போட்டுத் திறக்க முடிய வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பிள்ளையை மிரட்டவோ சீண்டவோ நினைப்பவன் உள்ளே தாழ் போட்டுக்கொண்டால், வெளியிலிருந்து திறக்க முடியாத கதவு அவனுக்குத்தான் துணை. சிகாகோவும் கும்பகோணமும் கற்றுக்கொடுத்ததை சாண்டி ஹூக்கின் பெயரால் மறக்கக் கூடாது.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். வாசல் கதவு அந்நியரைத் தடுக்கும். மாணவனைத் தடுக்காது, அவன் காலையில் எல்லாரோடும் உள்ளே வருகிறவன். கொலம்பைனுக்குப் பிறகு மத்திய அரசின் சீக்ரெட் சர்வீஸும் கல்வித் துறையும் 37 தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டன. 81 சதவீத நிகழ்ச்சிகளில், தாக்கப்போகிறவனின் எண்ணம் யாரோ ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்திருந்தவர்கள் பெரும்பாலும் உடன் படிக்கும் பிள்ளைகள். துப்பாக்கி பெரும்பாலும் சொந்த வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ வந்தது. மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று 15 வயது மாணவன் நான்கு மாணவர்களைக் கொன்றான். அவனுடைய தாய் தந்தை இருவருக்கும் 2024இல் சிறைத் தண்டனை கிடைத்தது.

2024 செப்டம்பர் 4 அன்று ஜார்ஜியாவின் அப்பலாச்சி உயர்நிலைப் பள்ளியில் நடந்தது, இவ்வளவு காலப் படிப்பினையும் எவ்வளவு உதவும், எங்கே நிற்கும் என்று காட்டியது. ஆசிரியர்களின் கழுத்து அட்டையிலேயே அபாயப் பொத்தான் இருந்தது. அந்த ஏற்பாடு வந்து ஏறக்குறைய ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவர்கள் அழுத்தினார்கள். வகுப்பை விட்டு வெளியே போன 14 வயது மாணவன் திரும்பி வந்து கதவைத் தட்டியபோது, திறக்கப் போன மாணவர் துப்பாக்கியைக் கண்டு பின்வாங்கிவிட்டார். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை. அந்த வகுப்பு தப்பியது. சில நிமிடங்களில் காவலர்கள் அவனைப் பிடித்தார்கள். ஆனாலும் இரண்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் அதற்குள் இறந்திருந்தார்கள். பூட்டு பலரைக் காப்பாற்றியது. துப்பாக்கி அவன் கைக்கு எட்டாமல் இருந்திருந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இழந்தவையும் இருக்கின்றன. பிள்ளையோடு மதியம் உட்கார்ந்து சாப்பிட வரும் பெற்றோரும், கதை சொல்ல வரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் முன்போல எளிதில் வந்துபோக முடிவதில்லை. தேர்தல் நாளில் வாக்குச்சாவடியாகும் பள்ளிகள் பலவற்றில் அன்றைக்கு வகுப்புகளை விடுமுறை ஆக்கிவிடுகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளை, கதவைப் பூட்டி ஒளிந்துகொள்ளும் லாக்டவுன் ஒத்திகையில் இருட்டில் சத்தம் போடாமல் உட்காரக் கற்றுக்கொள்கிறது. அதை வீட்டுக்கு வந்து சாதாரணமாகச் சொல்லும்போது பெற்றவர்களுக்குத் தொண்டை அடைக்கும். இந்த விலையைப் பிள்ளைகள் கொடுக்க வேண்டியிருப்பது பெரியவர்களின் தோல்வி.

வார இறுதியில் நடக்கும் நம் தமிழ்ப் பள்ளிகள் பல இந்த அரசுப் பள்ளிக் கட்டடங்களைத்தான் வாடகைக்கு எடுக்கின்றன. அன்று செக்ரட்டரி இருக்க மாட்டார். கதவில் நிற்பது நாம்தான். தாமதமாக வரும் குடும்பத்துக்காகக் கதவைத் திறந்தபடி விட்டுவைப்பதும், பின்னால் வருகிறவர் யாரென்று பாராமல் மரியாதைக்குக் கதவைப் பிடித்துக்கொள்வதும் நம்மிடையே சர்வசாதாரணம். தயவுசெய்து அதை விட்டுவிடுவோம். பின்னால் வருகிறவர் தெரிந்தவராகவே இருந்தாலும் அவரும் மணியடித்து வரட்டும். வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நம்மிலும் இப்போது இருக்கிறார்கள். அது பூட்டிய பெட்டியில், குண்டு நீக்கி, சாவி பிள்ளைகளுக்குத் தெரியாத இடத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் பிள்ளை படிக்கும் அரசுப் பள்ளியின் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். புதிய கேமரா எத்தனை வாங்கினார்கள் என்று கேட்க வேண்டாம். என் பிள்ளையின் வகுப்பறைக் கதவை உள்ளேயிருந்து பூட்ட முடியுமா, மாற்று ஆசிரியர் வரும் நாளில் அவர் கையில் சாவி இருக்குமா, வெளிக்கதவுகளைக் கடைசியாகச் சோதித்தது யார், எந்தத் தேதியில் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் கிடைக்கும்வரை விடாதீர்கள்.